கைராசிக்காரி

புஷ்பராணி உலக்கையை நட்டாலும் தளிர்க்கும் என்பது குளிர்நாட்டு ஊரான லாசாலின் தமிழ்ச் சனத்தின் தீர்மானம். வைகாசி பிறந்தால் போதும், பின்வளவு வைத்திருக்கிறவர்கள் எல்லாம் அவளைத் தேடி வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். முதல் விதையை அவள் போட்டுவிட வேண்டும், மற்றதை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார்கள். அவளுக்கென்று ஒரு பிடி மண் கிடையாது. மூன்றாம் மாடி அப்பார்ட்மென்டில் இருந்துகொண்டு ஊரார் வளவிலெல்லாம் பாகலும் பயித்தையும் படர விட்டவள். "நான் வீடு வாங்கினால் அங்கையும் அம்மாதான் முதல் விதை போடவேணும்" என்று மகள் சாருஜா சின்ன வயதிலேயே சொல்லிவைத்திருந்தாள்.

இந்த மாசியில் புருஷன் அருளம்பலம் டோர்வலில் வேலை முடித்து வந்து, சப்பாத்துக் கழற்றக் குனிந்தவர் நிமிரவில்லை. புஷ்பராணி அழவில்லை. செத்தவீட்டிலும் அழவில்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியிலும் அழவில்லை. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? கல்நெஞ்சுக்காரி என்றார்கள். அதுவும் அவளுக்கு உறைக்கவில்லை. சமைத்தாள், சாப்பிட்டாள், படுத்தாள். வைகாசி வந்தது, டெலிபோன் அடிக்கவில்லை. தாலி இழந்தவள் கையால் முதல் விதை போடுவிக்க யாருக்கு மனம் வரும்?

பிறகு சாருஜா கூப்பிட்டாள். போன வருஷக் கடைசியில்தான் லவாலில் வீடு வாங்கியிருந்தார்கள். "லோங் வீக்கெண்ட் விதை போடப்போறம், வாங்கோ அம்மா." புஷ்பராணி மினுக்கி வைத்திருந்த சேலையை எடுத்து உடுத்தாள். ஊர் கேட்காவிட்டாலும் தன் பிள்ளை கேட்பாள் என்று நெஞ்சுக்குள் ஏதோ ஒரு மூலை இன்னும் நம்பிக்கொண்டிருந்தது. புதிதாய்த் திறந்த லவால் மெட்ரோவில் போய் இறங்கினாள்.

மருமகன் பிருந்தன் பாத்தி கொத்தி வைத்திருந்தான். குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே இன்னும் குளிர். இதில் பயித்தை அழுகித்தான் போகும். சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. அந்த வீட்டிலேயே இருக்கிற பிருந்தனின் தாய் கனகமணி, பட்டுச்சேலையும் குங்குமமுமாய்ப் படியிறங்கி வந்தாள். சாருஜா விதைத் தட்டை மாமியாரின் கையில் கொடுத்தாள். தாயின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அம்மா, நீங்கள் உதிலை நிக்காமல் அந்தத் தண்ணிப் பைப்பைப் பிடியுங்கோவன்."

"ஓம்."

பிடித்தாள். பயித்தை, வெண்டி, கொத்தமல்லி, ஓரத்துக்குச் செவ்வந்தி, எல்லாம் கனகமணியின் கையால் மண்ணுக்குள் போயின. தண்ணீர் செருப்புக்குள் ஏறிக் கால் விறைத்ததைக்கூட, உள்ளே வந்தபின் சாருஜா காட்டித்தான் கண்டாள். சோறு போட்டார்கள். நல்லாயிருக்கு என்றாள். மெட்ரோ எடுத்து வீட்டுக்கு வந்து படுத்தாள். நோகவேண்டும் என்று தெரிந்தது, நோகவில்லை.

ஆனி பிறக்கிற நேரம் சாருஜா டெலிபோன் எடுத்தாள்.

"அம்மா, ஒண்டும் முளைக்கேல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு எல்லாம் பச்சைப்பசேலெண்டு நிக்குது, எங்கட பாத்தி மொட்டையாக் கிடக்கு."

"மண் குளிருக்குள்ளை போட்டதாலை அழுகியிருக்கும், பிள்ளை. இப்ப திருப்பிப் போடு, வரும்."

"இல்லை, நீங்கள் வந்து போடுங்கோ." குரலைத் தாழ்த்தினாள். "வெள்ளி பின்னேரம் வந்து இஞ்சை படுங்கோ. விடிய வெள்ளன, மாமி எழும்ப முன்னம் போட்டுவிடலாம். ஒருத்தருக்கும் தெரியாது."

புஷ்பராணிக்குக் காது சுட்டது. மாசிக்குப் பிறகு அவளுக்கு வந்த முதல் கோபம் அதுதான்.

"என்ர கை வேணும், ஆள் வேண்டாமோ? களவெடுக்கவே நான் வாறது? வாறன், பிள்ளை. பகல் வெளிச்சத்திலை, உன்ர மாமி பாத்துக்கொண்டு நிக்கேக்கைதான் போடுவன். சம்மதமெண்டால் சொல்லு."



"மாமியிட்டை ஒருக்காக் கேட்டுப்போட்டுச் சொல்லுறன், அம்மா."

டெலிபோனை வைத்துவிட்டுக் குசினிப் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சாருங்கோ, உங்கட மோள் சொல்லுறதைக் கேட்டியளே?"

அருளம்பலம் தேத்தண்ணி குடிக்கிற கதிரை வெறுமையாய்க் கிடந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.