அந்தப் பக்கம் பிரேக் இல்லை

"சொல்லுங்க. நான் சொல்லச் சொல்ல, என் பின்னாடியே சொல்லுங்க" என்று அவள், கட்டிலில் கிடந்த கணவரின் நெற்றியில் மறுபடியும் ஜெப எண்ணெய் தடவினாள். முன்பு தடவியதே காயாமல் புருவத்தில் இறங்கி நின்றது. அவர் உதட்டை அசைத்தார், சொல் வரவில்லை. கண்கள் மட்டும் அவள் தோளைத் தாண்டி, அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவிலிருந்த மூலையில் நிலைகுத்தியிருந்தன.

காலையிலிருந்தே அந்த மூலைதான். "அங்க ஒருத்தன் நிக்கறான்" என்று விடியும்போது சொன்னார். அவர் பயந்து அவள் பார்த்ததில்லை. பள்ளத்தில் விழுந்த வண்டிகளை இழுத்து ஏற்றுவது அவர் தொழில். கவிழ்ந்து கிடக்கிற லாரிக்கு அடியில் பீடியைக் கடித்துக்கொண்டே ஊர்ந்து போய்ச் சங்கிலி மாட்டியவர். பீடியை விட்டதும் ஜெபிக்கத் தொடங்கியதும் பிற்பாடுதான். அந்த ஜெபமும் இரண்டு வரியைத் தாண்டாது.

சபையில் அவளுக்கு ஜெபக்கா என்று பெயர். யார் வீட்டில் என்ன கலக்கம் என்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பிசாசை எதிர்க்க விசுவாசி அணிய வேண்டிய சர்வாயுதவர்க்கத்தைப் பற்றி அவள் பேசினால் பின்வரிசை அரட்டைகூட அடங்கிவிடும். எத்தனையோ வீடுகளில் நடுக்கூடத்தில் நின்று பிசாசை அதட்டியிருக்கிறாள். இன்று சொந்த வீட்டின் ஒரு மூலையை அவளால் காலி செய்ய முடியவில்லை. முந்தாநாளிலிருந்து பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் தொடாமல் உபவாசம் இருந்தாள். அதட்டி அதட்டித் தொண்டையும் கட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, கொஞ்சம் விடேன்" என்றாள் மகள், ஈரத்துணியைப் பிழிந்தபடி. "அப்பாவால மூச்சே விட முடியல. பேச எங்க போறது?"

"கடைசி நேரத்துலதான்டி அவன் வருவான். இந்தப் பயத்தோடயே இவர் போயிட்டா? வாயால ஒரு தடவை ஆண்டவர் நாமத்தைச் சொல்லிட்டாருன்னா போதும்."

"சொல்லலைன்னா?"

சொல்லவில்லை என்றால் என்ன என்பதைத்தான் விடிந்ததிலிருந்து நினைக்காமல் இருக்கப் பார்க்கிறாள். எழுந்து மூலைக்கு நேராக நின்று, கட்டிய தொண்டையால் மறுபடியும் அதட்டினாள்.

கொழுந்தன் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான். அண்ணன் படுத்ததிலிருந்து இழுவை வண்டியை அவன்தான் ஓட்டுகிறான்.

"அண்ணி, நீங்க போடற சத்தத்துக்கு அவன் எப்பவோ ஓடியிருப்பான். ஓட முடியாம மாட்டிக்கிட்டது எங்க அண்ணன்தான்."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் படுத்திருந்தவரின் வாயோரம் லேசாக இழுத்தது. கொழுந்தன் கட்டில் ஓரத்தில் குனிந்து, தினமும் சொல்வதுபோல அன்றைய வேலையைச் சொன்னான்.

"காலையில ஒரு காருண்ணே. வளைவுல வாய்க்காலுக்குள்ள இறங்கிடுச்சு. கியரை நியூட்ரல்ல போட்டுட்டு, காலைத் தூக்கி வெச்சுக்கிட்டுச் சும்மா உட்காருய்யா, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்னேன். சரி சரின்னு தலையாட்டினான். பாதி மேட்டுக்கு வந்துட்டோம்…"

"மிதிச்சானா?" என்றார் அவர். காற்றாக வந்தது குரல்.

"மிதிச்சான். பயத்துல பிரேக்கை மிதி மிதின்னு மிதிச்சான். கயிறு அறுந்து பழையபடி உள்ள."

"எல்லாரும்… அதையேதான்…" மூச்சு வாங்கியது. கண் மறுபடி மூலைக்குப் போனது.

அவள் சட்டென்று குனிந்தாள். "பேசறீங்களே! அப்படியே நாமத்தையும் சொல்லிடுங்க. சொல்லுங்க!"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"கத்தாதே… நீ கத்தினா… அவன் பெரிசாயிடறான்."

எண்ணெய்ப் புட்டியை மூட அவளுக்குக் கை வரவில்லை. மகள் வாங்கி மூடினாள். பாஸ்டருக்குப் போன் போட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டியிலும் இப்படித்தான், அவருக்கு இடப்பக்கம். ஒவ்வொரு வளைவிலும் அவள் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். "அந்தப் பக்கம் பிரேக் இல்ல தாயே, சும்மா உட்காரு" என்பார். "வண்டிக்குத் தனியா சைரன் எதுக்கு, நான்தான் கூடவே கூட்டிட்டு வரேனே" என்றும் சொல்லுவார்.

சத்தமில்லாமல் ஜெபிக்கப் பார்த்தாள். ஊருக்கெல்லாம் கேட்டவளுக்குத் தன் வீட்டுக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. வழக்கமான வார்த்தை ஒவ்வொன்றும் பாதியில் நின்றது. கடைசியில், 'எனக்கு முடியல ஆண்டவரே' என்பது மட்டும் வந்தது. அதற்குமேல் ஒன்றுமில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். அவர் மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே இன்னும் அவன்தான் நிற்கிறானா, வேறு யாராவது வந்துவிட்டார்களா என்று அவருடைய கண்ணை வைத்து அவளால் சொல்ல முடியவில்லை. மூச்சு வந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று வந்தது. அடுத்ததற்காக மூவரும் காத்திருந்தார்கள்.

கொழுந்தன்தான் முதலில் எழுந்து, அண்ணனின் இமைகளை மூடினான். அவர் கடைசிவரை நாமத்தைச் சொல்லவில்லை.

மகள் அழுதுகொண்டே அவள் மடியில் சாயக் குனிந்து, நின்றுவிட்டாள்.

"அம்மா… ஏம்மா உன் காலு இப்படி நடுங்குது?"

அவள் கீழே பார்த்தாள். வலது பாதம் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. விரல்கள் மடங்கி வெளுத்திருந்தன; ஆடுசதை கல்லாகியிருந்தது. எப்போதிருந்து என்று தெரியவில்லை.

முட்டியை இரு கையாலும் பிடித்து, பாதத்தை மெதுவாகத் தரையிலிருந்து எடுத்தாள்.