பால் சங்கத்தில் ஒரு பிரபு

பிரபு வரிசையில் நிற்கிறார் என்ற செய்தி ஹெல்மியின் காதுக்கு வருவதற்குள் ரோவலா ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அன்றைக்குப் பால் சங்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேரின் கேனில் பாலே இல்லை. வேடிக்கை பார்க்க ஒரு சாக்கு வேண்டுமே என்று காலிக் கேனைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

ஹெல்மி எட்டிப் பார்த்தாள். உண்மைதான். ஒட்டோகார் வான் கிராவ்தால், நரித்தோல் காலர் வைத்த கோட்டும் கைக்கொரு பால்கேனுமாக, செருப்புத் தைக்கும் ஹிந்த்ரெக்குக்குப் பின்னால் பதினோராவது ஆளாக நின்றுகொண்டிருந்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால் கண்ணுக்கு எட்டிய நிலமெல்லாம் அவருடைய ஜெர்மானியப் பரம்பரையின் சொத்து. எஸ்தோனியா தனி நாடானதும் அரசாங்கம் பெரிய பண்ணைகளை எடுத்து, உழுதவர்களுக்கும் சண்டைக்குப் போய் வந்தவர்களுக்கும் பிரித்துக் கொடுத்தது. பிரபு கோபித்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போனார். அங்கே அவரைப் போன்ற பிரபுக்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்திருப்பார்கள் போல. திரும்பி வந்தார். சட்டம் அவருக்கு விட்டுவைத்த ஐம்பது ஹெக்டேரில் ஆறு மாடுகளைக் கட்டிக் குடியானவராகிவிட்டார். அவருடைய மாளிகை இப்போது பள்ளிக்கூடம். அவருடைய குதிரை லாயம்தான் பால் சங்கம்.

ஹெல்மி பதினான்கு வயதில் அதே பண்ணையில் பால் கறக்கச் சேர்ந்தவள். இப்போது வயது இருபத்தேழு. ஆறு மாதம் பால்பண்ணைப் பள்ளியில் படித்துவிட்டு வந்து, வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, பாலில் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல்கிற வேலையில் இருந்தாள். அவள் சொல்லும் எண்ணை வைத்துத்தான் விலை.

பிரபுவின் முறை வந்தது. கேனை அவள் முன்னால் வைத்தார்.

"ஏய், இதைத் தூக்கு."

வரிசை மொத்தமும் கழுத்தை நீட்டியது.

அவருக்கு எஸ்தோனிய மொழி நன்றாகவே தெரியும். ஆனால் அது சமையல்காரியையும் குதிரைக்காரனையும் ஏவுவதற்காகக் கற்ற மொழி. வா, போ, தூக்கு, வை, வாயை மூடு, இவ்வளவுக்குத்தான் அதில் இடம். கேட்பதற்கும் கெஞ்சுவதற்கும் ஜெர்மன் வைத்திருந்தார்.

"இங்க எல்லாரும் உறுப்பினருங்க," என்றாள் ஹெல்மி. "'நீங்க'ன்னு சொல்லிக் கேளுங்க, தூக்குறேன்."

பிரபு யோசித்தார். நெற்றியில் வேர்வை பூத்தது. "நீங்க..." என்று ஆரம்பித்தார். "நீங்க தூக்கு."

லாயத்தின் ஓடு அதிரச் சிரித்தார்கள். ஹிந்த்ரெக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "விடும்மா ஹெல்மி," என்றான். "மொத நாளே 'நீங்க' வரைக்கும் வந்துட்டாரு. ஈஸ்டருக்குள்ள 'தூக்குங்க'வும் வந்துரும்."

ஒரு மாதம் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை ஹெல்மி சோதனைக் குழாய்களைச் சுழற்றி எடுத்துப் பார்த்தபோது பிரபுவின் குழாயில் கொழுப்பு ஒன்று புள்ளி நான்கு சதவீதம் என்று காட்டியது. மற்றவர்கள் பால் எல்லாம் மூன்றரையைச் சுற்றி இருந்தது. மறுபடி பார்த்தாள். அதே ஒன்று புள்ளி நான்கு.

சங்கத் தலைவர் யாகுப் பில்லாக்குக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. "தண்ணி! பிரபு தண்ணி ஊத்திட்டான்!" என்று அவர் கத்தியது பக்கத்து வயல் வரை கேட்டது. தண்ணீர் கலக்கிறவர்களின் பெயரை வாசலில் உள்ள கரும்பலகையில் எழுதுவது சங்கத்தின் வழக்கம். தலைவர் சாக்பீஸோடு கிளம்பிவிட்டார்.

"இருங்கண்ணே," என்றாள் ஹெல்மி. பாலின் அடர்த்தி பார்க்கும் லாக்டோமீட்டரைப் பாலில் விட்டாள். தண்ணீர் கலந்திருந்தால் அது முங்கியிருக்கும். இது வழக்கத்தைவிட மேலேயே நின்றது. "தண்ணி இல்ல. ஆடை எடுத்த பால் இது."

மறுநாள் காலை பிரபுவையே நிறுத்திக் கேட்டாள். "பால்ல மேல இருந்து எதையாவது எடுக்கறீங்களா?"

"இல்லை," என்றார் பிரபு விறைப்பாக. "கறந்ததை அப்படியே கொண்டு வர்றேன். காலையில மேல மஞ்சளா ஒண்ணு கட்டியிருக்கும். அதை மட்டும் வழிச்சுக் காபிக்கு வெச்சுக்குவேன். குழம்புக்குக் கொஞ்சம்."

"அது என்னன்னு நினைக்கறீங்க?"

"க்ரீம்."

"அது எங்க இருந்து வருது?"

அறுபத்தோரு வருஷமாகப் பிரபுவுக்கு க்ரீம் வெள்ளி ஜாடியில் இருந்துதான் வந்துகொண்டிருந்தது. தன் ஆறு மாடுகளை ஒரு முறை மனதுக்குள் வரிசையாகப் பார்த்து வந்தவர்போல மெதுவாகக் கேட்டார்: "பால்ல இருந்தா?"

"பால்ல இருந்துதாங்க. அதுக்குத்தான் சங்கம் விலை குடுக்குது."

பிரபுவின் காது மடல் வரை சிவந்தது. ஹெல்மிக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. கேனைக் குனிந்து பார்ப்பதுபோல் அடக்கிக்கொண்டாள். குறைந்த விலையைச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். கரும்பலகையில் பெயர் ஏறவில்லை.

தலைவருக்கு அது பொறுக்கவில்லை. "பழைய எஜமானுக்குப் பரிஞ்சு பேசுறியாம்மா? பால் கறந்த விசுவாசமா?" என்றார், நாலு பேர் கேட்க.

"லாக்டோமீட்டருக்கு எஜமானும் தெரியாது, தலைவரும் தெரியாதுண்ணே," என்றாள் ஹெல்மி. சொல்லிவிட்டாளே தவிர, தலைவர் சொன்ன அந்த 'விசுவாசம்' இரண்டு நாள் நெஞ்சுக்குள் முள்ளாக இருந்தது.

மார்ச் மாதம் பொதுக்குழு கூடியது. பள்ளிக்கூடத்தின் பெரிய கூடத்தில், அதாவது பிரபுவின் பழைய நடன மண்டபத்தில், பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு அறுபத்தேழு உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சங்கத்தின் டென்மார்க் நாட்டு மேலாளர் வேறு ஊருக்குப் போகிறார். அந்த இடத்துக்கு ஆள் வேண்டும். தலைவர் தன் மருமகன் ஆஸ்கரின் பெயரைச் சொன்னார். ஆஸ்கர் சைக்கிள் நன்றாக ஓட்டுவான்.

ஹிந்த்ரெக் எழுந்து, "ஹெல்மி இருக்கறப்ப ஆஸ்கர் எதுக்கு?" என்றான்.

"பொம்பளையா?" என்றார் தலைவர். "பெர்லின்ல இருந்து வெண்ணெய் வாங்க வர்ற ஆளுகிட்ட யாரு பேசுவா?"

"ஆஸ்கர் என்ன பேசிருவான்? பெடல் எப்படி மிதிக்கறதுன்னா?"

கூச்சல் கிளம்பியது. பெஞ்சைத் தட்டினார்கள். அந்தச் சத்தத்துக்குள் பின்வரிசையில் இருந்து பிரபு எழுந்து நின்றார். கூடம் தானாக அடங்கியது.

"இந்தப் பொண்ணு... இவங்க," என்று தன்னைத் திருத்திக்கொண்டார். "இவங்க என் பேரைப் பலகையில எழுதியிருக்கலாம். எழுதல. எண்ணைக் கூட்டியும் போடல. ஒன்று புள்ளி நாலுன்னா ஒன்று புள்ளி நாலு. பால் என்னன்னு எனக்கே இவங்கதான் சொன்னாங்க." அவருக்கு மூச்சு வாங்கியது. ஐந்து மாதமாகச் சேர்த்துவைத்த மரியாதைச் சொற்கள் எல்லாம் அத்தோடு தீர்ந்துபோயின. உணர்ச்சி வேகத்தில் கையை வீசினார். "இதுல பேச என்ன இருக்கு? கையைத் தூக்கு!"

அறுபத்தேழு கைகள் மேலே போயின.

யாரும் யோசிக்கவில்லை. ஹிந்த்ரெக்கின் கை போனது. ஆஸ்கரின் கை போனது. மேசைக்குப் பின்னால் தலைவர் யாகுப் பில்லாக்கின் கை எல்லாருக்கும் மேலே போனது. பிறகு ஒவ்வொருவராகத் தலையைத் திருப்பி, யாரோ இரவல் கொடுத்ததைப் பார்ப்பதுபோல் தங்கள் கையைப் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி களுக்கென்றாள். அப்புறம் சிரிப்பு வெடித்தது. பெஞ்சில் இருந்து ஒருவர் கீழே விழுந்தே விட்டார்.

ஹெல்மி சிரிக்கவில்லை. அவளுடைய கையும் மேலே இருந்தது.

அதை மெதுவாக இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். வெள்ளைக் கோட்டு, பால்பண்ணைப் பள்ளிச் சான்றிதழ், அப்பாவுக்குக் கிடைத்த பதினெட்டு ஹெக்டேர் நிலம், இத்தனையும் கைக்குத் தெரியவில்லையே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"செல்லாது! செல்லாது!" என்று தலைவர் மேசையைத் தட்டினார்.

"செல்லாதுதான்," என்று எழுந்தாள் ஹெல்மி. "அவர் சொல்லி நான் மேலாளர் ஆக வேண்டாம். ஆளுக்கொரு சீட்டுக் குடுங்க. அவங்கவங்க யோசிச்சு எழுதட்டும். ஆஸ்கருக்குப் போடறவங்க தாராளமா ஆஸ்கருக்குப் போடுங்க."

பிரபு ஒன்றும் புரியாமல் பக்கத்தில் இருந்த ஹிந்த்ரெக்கிடம், "நான் உதவிதானே செஞ்சேன்?" என்றார்.

"செஞ்சீங்க. கொஞ்சம் ஜாஸ்தியாச் செஞ்சுட்டீங்க. உக்காருங்க," என்றான் ஹிந்த்ரெக்.

பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தைக் கிழித்து எழுதினார்கள். ஹெல்மிக்கு முப்பத்தெட்டு, ஆஸ்கருக்கு இருபத்தெட்டு. ஒரு சீட்டில் யாரோ மாட்டின் படம் வரைந்திருந்தார்கள். தலைவர் அதையும் ஆஸ்கர் கணக்கில் சேர்க்கப் பார்த்தார், மற்றவர்கள் விடவில்லை.

தலைவர் மூன்று வாரம் ஹெல்மியோடு பேசவில்லை. நாலாவது வாரம் அவருடைய மாட்டுப் பால் நான்கைத் தொட்டது. அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் தனிச் சீட்டாக எழுதித் தர முடியுமா என்று வந்து நின்றார். பிரபு காபியைக் கறுப்பாகவே குடித்துப் பழகினார். ஆனால் மற்றவர்களின் பால் எண்களையெல்லாம் விசாரித்து எல்லாருக்கும் தொல்லையாகிவிட்டார்.

ஏப்ரலில் பெர்லின் வியாபாரியிடம் இருந்து, வெண்ணெயில் உப்பு அதிகம் என்று புகார்க் கடிதம் வந்தது. ஜெர்மனில் பதில் எழுத வேறு ஆள் இல்லை. பிரபு லாயத்து மேசையில் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதிப் படித்துக் காட்டினார், வரிக்கு வரி எஸ்தோனிய மொழியில் சொல்லிக்கொண்டே. தங்கள் மேலான சமூகத்துக்குத் தாழ்மையுடன், பணிவன்புடன், பொறுத்தருள வேண்டி என்று அது போய்க்கொண்டே இருந்தது.

ஹெல்மி கையமர்த்தினாள். "நாம வெண்ணெய் விக்கிறோம், அவரு வாங்குறாரு. இவ்வளவு குனிய வேண்டாம். அடுத்த பீப்பாய்ல உப்பைக் குறைக்கறோம், பார்த்துட்டு எழுதுங்கன்னு மட்டும் போடுங்க."

"மரியாதையா இருக்காதே."

"'எழுதுங்க'ன்னுதானே போடறோம்? அது போதும்."

பிரபு பெருமூச்சு விட்டுப் புதுத் தாள் எடுத்தார். மூன்றே வரி. ஹெல்மி கீழே கையெழுத்துப் போட்டு, மை காய ஊதிவிட்டு, ஸ்டேஷனுக்குக் கிளம்பிய வண்டியை நிறுத்தச் சொல்லிக்கொண்டே வெளியே ஓடினாள்.