வங்கிமேல் விழாத பனி

மிச்சிகனில், கார் தொழிற்சாலையை நம்பிப் பிழைக்கும் வெஸ்ட் ஹாரோ நகரத்தில், இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டுக் குளிர்காலத்தில் வங்கியின்மேல் பனி விழவில்லை. அதற்குரிய பங்கும் சேர்ந்து எதிரே இருந்த தொழிற்சங்கக் கூடத்தின்மேல் விழுந்தது. வங்கிக்கு அரசாங்கப் பணம் வந்த வாரத்தில் தொடங்கிய சங்கதி இது. தெருவின் ஒரு பக்கம் காய்ந்து கிடக்க, மறுபக்கம் முழங்கால்வரை பனி. முதலில் சிலர் நின்று பார்த்தார்கள். பிறகு மான் வேட்டைக்காலம் தொடங்கி எல்லோரும் காட்டுக்குப் போனார்கள், திரும்பியபோது பழகிவிட்டது. வங்கி மேலாளர் மட்டும் வாசலில் பனி உருக உப்புத் தூவும் ஆளை நிறுத்திவிட்டார். சிக்கனமாம்.

வங்கிக்குக் கொடுத்தபோது யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கார் கம்பெனி கை நீட்டியபோதுதான் வாஷிங்டனுக்குச் சிக்கன ஞானம் பிறந்தது. கடன் உண்டு, ஆனால் இனி வேலைக்கு வருகிறவர்களுக்குப் பாதிக் கூலிதான் என்று சங்கம் ஒப்புக்கொள்ள வேண்டும், வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் பதில் வேண்டும் என்றார்கள். கம்பெனி நொடித்ததற்கே நட்டு முடுக்குகிறவனின் கூலிதான் காரணம் என்று தொலைக்காட்சியில் கோட்டுக்காரர்கள் பேசினார்கள். கேட்கக் கேட்க ஊருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சங்கத் தலைவர் ஓடெல் பிரிஸ்கோ, சாசேஜ் ரொட்டிக் கடையில் வங்கி மேலாளரைப் பார்த்தபோது நேராகவே கேட்டார்.

"உங்க போனஸ்ல கை வைக்கலியா சார் அவங்க?"

"அது ஒப்பந்தம் ஓடெல். கையெழுத்துப் போட்டதைத் தொட முடியுமா?"

"நாங்களும் கையெழுத்துதான் போட்டோம். எங்க பேனாவுல மட்டும் என்ன, தண்ணியா இருந்துச்சு?"

மேலாளர் வாயோரத்துக் கடுகுச் சாஸைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஓடெலின் கவலை வேறொன்று. தொழிற்சாலை மறுபடி ஆள் எடுத்தால் அவர் மகள் ஷனீஸைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். சரி என்றால் பெற்ற மகளின் வயிற்றிலேயே அடிக்க வேண்டும். முடியாது என்றால் கம்பெனி மூடி ஊரே நடுத்தெருவுக்கு வரலாம். ஆனால் வாஷிங்டன் மிரட்டுமே தவிர மூடவிடாது என்று அவர் நம்பினார். துணிந்து மறுத்தால் பேரம் பேச இடம் உண்டு. பயந்து போயிருந்த கூட்டத்துக்கு அதைப் புரியவைக்கக் கொஞ்சம் நேரம் வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை கூடம் நிரம்பியது. பனியின் பாரத்தில் கூரை தொங்குவதை வெளியிலிருந்தே பார்க்க முடிந்தது. ஷனீஸ் இரண்டு தோழிகளையும் ஏணியையும் பனி வாரிகளையும் ஏற்றிக்கொண்டு வந்தாள். வந்தது ஜப்பான் கம்பெனியின் பழைய காரில். சங்கத்து வளாகத்துக்குள் அந்நியக் கார் நுழையக் கூடாது என்பது அங்கே வேதவாக்கு. வாசலில் ஓய்வுபெற்ற வெல்டர் செஸ்டர் நோவிக்கி காவல் நின்றார்.

"வண்டியத் திருப்பு."

"செஸ்டர் மாமா, கூரை விழப்போகுது! உள்ள அப்பா இருக்காரு!"

"உங்கப்பா போட்ட ரூல்தாம்மா. போர்டுல அவரு பேருதான் இருக்கு, படி."

"இது நம்ம நாட்டுல, ஒஹையோவுல செஞ்ச காரு மாமா!"

"எந்தச் சங்கத்து ஆளு செஞ்சான், சொல்லு பாப்போம்?"

அவள் வண்டியைத் திருப்பினாள். காய்ந்த இடம் வங்கி வாசல் மட்டுமே. அங்கே நிறுத்தப் போனால், வாடிக்கையாளருக்கு மட்டும் என்று விரட்டினார்கள். கடைசியில் எங்கோ தள்ளி நிறுத்திவிட்டு, ஏணியைச் சுமந்து பனியில் தட்டுத் தடுமாறி வந்தார்கள்.

உள்ளே ஓடெல் பேச்சின் பாதியில் இருந்தார். உத்தரம் முறிகிற சத்தம் கேட்டது. சுண்ணாம்புக் காரை பெயர்ந்து காபிக் கோப்பைகளில் விழுந்தது. நண்பகல் நெருங்கிவிட்டது, கலைந்தால் பதில் போகாது.

"பேசினது போதும் பிரதர், ஓட்டெடு!" என்று பின்வரிசை கத்தியது.

சீட்டுப் போட்டு எண்ண நேரமில்லை. சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் ஓடெல். தலைக்குமேல் கூரை முனகும்போது முடியாது என்று சொல்ல எவனுக்கு வாய் வரும்? அத்தனை கைகளும், கூரையைத் தாங்கப் போவதுபோல் உயர்ந்தன. ஓடெலின் கையும் உயர்ந்தது. கடைசி ஆள் வெளியேறியதும் கூரை விழுந்தது. ஒருவருக்கும் காயமில்லை. வாசலில் ஷனீஸ் மூச்சிரைக்க நின்றிருந்தாள்.

"ஓட்டு என்னப்பா ஆச்சு?"

"எல்லாரும் பொழச்சிட்டோம் கண்ணு," என்றார் அவர். அவள் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. அந்தக் கார் உள்ளே வந்திருந்தால் கூரைப் பனியை வாரியிருப்பார்கள், அவரும் பேச்சை முடித்திருப்பார்.

கம்பெனி பிழைத்தது. கூடத்தைத் திரும்பக் கட்டினார்கள். முதலில் மாட்டியது அந்நியக் கார் கூடாது என்ற அந்தப் போர்டைத்தான். ஷனீஸுக்கு வேலை வந்தது. ஒரே காருக்கு அப்பா இடது கதவையும் மகள் வலது கதவையும் மாட்டினார்கள், மகளுக்குப் பாதிக் கூலி. அடுத்த குளிர்காலத்தில் பாதிக் கூலிக்காரர்களின் வீடுகள்மேல் பனி இரட்டிப்பாக விழுந்தது. ஊர்ப் பத்திரிகை வானிலைப் பகுதியில் வங்கி, ஊர், புது ஆட்கள் என்று மூன்றாகப் பிரித்துப் போட்டது.

அப்பாவும் மகளும் ஒரே கூரைக்கு இரண்டு வாசல் வைத்த வீட்டில் இருந்தார்கள். அவர் பக்கம் எல்லாருக்கும்போலத்தான் விழுந்தது. அவள் பக்கம் ஜன்னல்வரை ஏறியது. தினமும் விடிந்ததும் ஓடெல் அவள் பக்கத்தில் ஏணி போட்டு ஏறிவிடுவார்.

"எறங்குப்பா. என் பக்கத்த நான் பாத்துக்குறேன். வயசான காலத்துல விழுந்து வைக்காத."

"கை தூக்கினது நான்தானம்மா," என்றார் ஓடெல், வாரியபடியே.

அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். வாரி முடிந்ததும் இருவரும் ஒரே ஷிப்டுக்குக் கிளம்பினார்கள்.