புயல் கதவைத் தட்டாது

1.

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை ஒரு முட்டாள்தனத்தில் பிறந்தது. முட்டாள் நான்தான்.

புயல் போய் ஐந்தாவது வாரம். மோர்ன் லெஜே என்ற எங்கள் மலைக் கிராமத்தில் பாலர் பள்ளிக்கு இன்னும் கூரை வரவில்லை, நீலத் தார்ப்பாய்தான் வந்திருந்தது. அதன் கீழே பதினேழு பிள்ளைகள். இவர்களைச் சிரிக்கவைக்காமல் விடுவதில்லை என்று குதித்துக்கொண்டு போன நான் எந்தக் கதையை எடுத்தேன் தெரியுமா? ஓநாய் ஊதி ஊதி மூன்று பன்றிக்குட்டிகளின் வீடுகளைச் சாய்க்கிற கதை! ஊரில் நான்கே நான்கு கூரைகள் மிச்சம். நான் கன்னத்தை உப்பி, கையை விரித்து, ஊஊஊ என்று ஊதிக் காட்டுகிறேன். என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

இரண்டு பேர் மேசைக்கு அடியில் புகுந்துவிட்டார்கள். ஒருத்தி மட்டும் எழுந்து நின்றாள். என் பக்கத்து வீட்டு ஹெர்மினாவின் மகள் ஷானிகா, ஐந்து வயது.

"டீச்சர், தப்பா சொல்றீங்க. ஓநாயெல்லாம் நம்ம ஊர்ல கிடையாது. ஊதுனது புயலு."

"சரிடா கண்ணு, புயல்னே வச்சுக்குவோம்."

"வச்சுக்கவெல்லாம் வேணாம். புயலேதான்."

மேசைக்கு அடியிலிருந்து ஒரு தலை நீண்டது. "பன்னிக்குட்டியும் வேணாம் டீச்சர். அகூட்டி வைங்க!"

அகூட்டி எங்கள் மலைத்தோட்டத்துக் கிழங்கைத் தோண்டித் தின்கிற முயல் அளவுப் பிராணி. வைத்தேன். அவ்வளவுதான், பதினேழு பேரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். மேசைக்கு அடியில் இருந்தவர்களும் வெளியே வந்து கத்தினார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது! பதினோரு வருடமாகப் பழைய கதைகளைப் பிள்ளைகளுக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு கதை என் கையை உதறிவிட்டு இப்படித் தானாக ஓடியதே இல்லை. அன்று மாலையே நோட்டைத் திறந்துவிட்டேன்.

[குறிப்பு: மற்றவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஷானிகா மட்டும் தன் பெயர் அப்படியே வர வேண்டும், அதுவும் பெரிதாக வர வேண்டும் என்று அடம்பிடித்தாள்.]

2.

தொடக்கம் ஒன்று: "ஒரு பச்சைக் காட்டில் மூன்று அகூட்டிகள் வாழ்ந்தன." எந்தப் பச்சை? வெளியே மலையில் ஒரு மரத்துக்கும் இலை இல்லை. அடித்தேன்.

தொடக்கம் இரண்டு: "வானொலியில் எச்சரிக்கை சொன்னார்கள், மூத்த அகூட்டி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, ஏனென்றால்" (ஏனென்றால் நாங்கள் யாருமே போட்டுக்கொள்ளவில்லை. விட்டுவிட்டேன்.)

தொடக்கம் மூன்று: "க்ரிக்?"

இதுதான்! இதைவிட்டு எதையோ தேடியிருக்கிறேன் பாருங்கள். எங்கள் தீவில் கதை சொல்பவர் "க்ரிக்?" என்று கேட்டால், கேட்பவர்கள் "க்ராக்!" என்று கத்துவார்கள். கதைக்கு நடுவிலும் கேட்போம். க்ராக் வந்தால் மேலே சொல்லலாம். வராவிட்டால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான். க்ராக் வந்தும் சொல்லாமல் நிறுத்துகிற ஆளை அதற்கப்புறம் யாரும் மதிப்பதில்லை.

வீடுகளைப் பிள்ளைகளே கட்டிக்கொடுத்தார்கள். முதல் அகூட்டிக்குத் தென்னங்கீற்று, இரண்டாவதற்குப் பலகை, மூன்றாவதற்கு சிமெண்ட். சிமெண்ட் என்றதும் ஷானிகா கையைத் தூக்கினாள்.

"சிமெண்ட் வீட்டுக்கும் மேல தகரம்தானே டீச்சர்? எங்க வீடும் சிமெண்டுதான். தகரம் பறந்துடுச்சு."

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

கேட்டிருக்கக் கூடாது. ஆனால் அவள் முகம் அப்படியே மலர்ந்தது.

"அடுப்புக்குள்ள போயிட்டோம்! நானும் அம்மாவும்! வெளியில ரொட்டி சுடுற பெரிய அடுப்பு இருக்குல்ல, அதுக்குள்ள! மூக்கெல்லாம் கரி!"

பதினாறு பேருக்கும் பொறாமை தாங்கவில்லை. "எங்க வீட்ல அடுப்பு சின்னது" என்று ஒருவன் அழவே தொடங்கினான். கிழவி பிள்ளைகளை அடுப்பில் தள்ளப் பார்க்கிற இன்னொரு பழைய கதையை எத்தனை முறை கண்ணை உருட்டிச் சொல்லியிருக்கிறேன்! இனி அதை எந்த வாயால் சொல்வது? ஹெர்மினாவின் செங்கல் அடுப்பு அதையும் தலைகீழாகப் புரட்டிவிட்டது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கூரை வராவிட்டாலும் பள்ளியை முறைப்படி மறுபடி திறக்கிற விழா வெள்ளிக்கிழமை. பெற்றோர் எல்லோரும் வருவார்கள். புதுக் கதையை அங்கேதான் சொல்வது என்று முடிவு செய்தேன்.

3.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். மூன்றாவது அகூட்டியின் மேல் எனக்கு நம்பிக்கையே வரவில்லை.

பழைய கதையில் கதவருகே வந்து உள்ளே விடச் சொல்வது ஓநாய். திறக்காதவன் கெட்டிக்காரன். நானும் வகுப்பில் அந்தப் பழக்கத்திலேயே, "அப்புறம் புயல் வந்து, டொக் டொக் டொக்னு" என்று ஆரம்பித்தேன்.

ஷானிகா விழுந்து விழுந்து சிரித்தாள். "புயல் கதவைத் தட்டாது டீச்சர்! தட்டுனா அது ஆளு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போவதுபோல் தார்ப்பாய்க்கு வெளியே போய் நின்றேன்.

மூன்றாவது அகூட்டி கதவருகே

மூன்றாவது அகூட்டிக்குச் சத்தம்

சரி. சொல்லிவிடுகிறேன். புயலன்று பகல் இரண்டு மணிக்கு என் கதவை யாரோ தட்டினார்கள். மூன்று தட்டு. கொஞ்சம் நிறுத்தி, மறுபடி மூன்று. காற்று அடிக்கிற பக்கத்துக் கதவைத் திறந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். எங்கள் ஊர்க் குழந்தைக்கும் அது தெரியும். நான் துணி அலமாரியைத் தள்ளிக் கதவில் முட்டுக்கொடுத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டேன். காற்றுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காற்று நிறுத்தி நிறுத்தித் தட்டுமா?

மிச்சமான நான்கு கூரைகளில் ஒன்று என்னுடையது. ஹெர்மினாவின் முழங்கையில் அன்று தகரம் கிழித்த தழும்பு இருக்கிறது. என் வாசலிலிருந்து அவள் அடுப்புக்கு நாற்பது தப்படி. அளந்து பார்த்தேன்.

[இதைக் கதையில் சேர்ப்பதாக இல்லை. சேர்த்துவிட்டேன்.]

அவள் இதுபற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. சனிக்கிழமைதோறும் சூடாக ரொட்டி கொண்டுவந்து தருகிறாள். போன சனிக்கிழமை என் நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"என்னடி ஒர்னெல்லா, இன்னுமா அதே கதை? நீ எழுதி முடிக்கிறதுக்குள்ள அகூட்டிக்கு நரைச்சுடும்."

"மூணாவது அகூட்டிதான் சரியா வரமாட்டேங்குது."

"பத்திரமா வீட்டுக்குள்ள இருக்கிற அகூட்டிதானே? அதுக்கென்னடி குறை?"

ரொட்டியை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள். அவள் கிண்டல் செய்தாளா, தெரிந்துதான் சொன்னாளா? ரொட்டி ஆறிப்போகும்வரை கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

4.

முடிவு அ: மூன்றாவது அகூட்டி பாய்ந்து வந்து கதவைத் திறக்கிறது. மூவரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள், கோகோ குடிக்கிறார்கள். பிள்ளைகள் கை தட்டுவார்கள். ஹெர்மினாவும் தட்டுவாள். அந்தக் கைதட்டலை நான் எப்படிக் கேட்டுக்கொண்டு நிற்பது?

முடிவு ஆ: கதவை யாருமே தட்டவில்லை. இரண்டு அகூட்டிகளும் நேராக அடுப்புக்கு ஓடுகின்றன. அருமையான முடிவு, கரியும் உண்டு, சிரிப்பும் உண்டு. ஷானிகா விடமாட்டாள். "சிமெண்ட் வீட்டைத் தாண்டித்தானே ஓடுச்சு, ஏன் தட்டல?" என்பாள்.

முடிவு இ: மூன்றாவது அகூட்டி ஊரைவிட்டே

இல்லை. அது முடிவு இல்லை, ஓட்டம்.

5.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. தார்ப்பாய்க்குக் கீழே இடம் போதாமல் பெற்றோர் வெளியே நின்றார்கள். முடிவு அ, மனப்பாடமாக, என் வாயில் தயாராக இருந்தது. ஹெர்மினா கடைசி வரிசையில், மாவு ஒட்டிய கையோடு.

"க்ரிக்?"

"க்ராக்!" தார்ப்பாய் அதிர்ந்தது!

ஐயோ, அந்த அரைமணி நேரம்! ஷானிகாதான் புயல். அவள் ஊதினால் பிள்ளைகள் வரிசையாக உருண்டார்கள். கீற்று வீடு பறந்தது. பலகை வீடு பறந்தது. அன்று மேசைக்கு அடியில் புகுந்தவர்களில் ஒருவன் இப்போது மேசைமேல் நின்று ஊதினான். பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். புயலுக்குப் பிறகு இந்த ஊர் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. இரண்டு அகூட்டிகளும் சிமெண்ட் வீட்டுக்கு ஓடின.

"டொக் டொக் டொக்" என்றேன்.

"புயல் தட்டாது! ஆளு! ஆளு!" பதினேழு பேரும் கத்தினார்கள்.

"ஆமா. ஆளுதான்" என்றேன். முடிவு அ எங்கோ போய்விட்டது. "மூணாவது அகூட்டிக்கும் அது ஆளுன்னு தெரியும். ஆனா பயம். அலமாரியைக் கதவுல சாய்ச்சுட்டு, கட்டிலுக்கு அடியில படுத்துக்கிச்சு. திறக்கல."

மேசைமேல் நின்றவன் மெல்ல இறங்கி உட்கார்ந்தான்.

"க்ரிக்?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

க்ராக் வரவில்லை. ஷானிகா என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தாள். வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று நோட்டை மூடினேன்.

"க்ராக்."

கடைசி வரிசையிலிருந்து வந்தது. சத்தமாக இல்லை. ஹெர்மினா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. கதை கேட்கிறவள் முகம், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். க்ராக், க்ராக், க்ராக்!

6.

நான் அடுத்துச் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. அவசரத்தில் வாய்க்கு வந்தது அது, நல்ல வரியே இல்லை, நடுவில் அழுதும்விட்டேன். அதைவிட நல்லது உங்களிடம் இருக்கலாம். உங்கள் வீட்டிலும் ஐந்து வயது நீதிபதி ஒருவர் இருப்பார், அவரையும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கொண்டுவந்து விட்ட இடம் இது, மேலே நீங்கள் சொல்லுங்கள்:

மூன்றாவது அகூட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வருகிறது. கதவில் இன்னும் தட்டுகிறார்கள். அலமாரி கனமானது, தள்ளிவைத்தபோது பயத்தில் பலம் இருந்தது, இப்போது ஒற்றை ஆளாக நகர்த்த முடியவில்லை.

க்ரிக்?