கூட்டித் துடைத்த சரிவு

அறைச் சுவரில் ஓடிய விரிசலின் முனையில் கணவர் போன மாதம் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். இன்று காலை விரிசல் அதைத் தாண்டி இரண்டு விரற்கடை போயிருந்தது. தையல்காரி விரலை வைத்து அளந்து பார்த்தாள். வீட்டுக்குப் பின்னால், சரிவான மண்மேட்டின் விளிம்பில் நிற்கும் அந்தச் சின்ன அறைதான் அவளுடைய தையல் அறை. ஒவ்வொரு மழைக்கும் சரிவு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தது.

"இன்னொரு மழை தாங்காது. மெஷினைக் கூடத்துல போட்டுட்டு ரூமை இடிச்சிடலாம்" என்றார் கணவர். பஸ் ஓட்டுகிறவர், பிரேக் போடும் விஷயத்தில் தாமதிக்கவே மாட்டார்.

"அந்த மழை வரைக்கும் விடுங்க."

இருபது வருஷமாக அவளுக்கென்று இருக்கும் ஒரே கதவு அது. இப்போதெல்லாம் அடிக்கடி ஒரே கனவு. அறை மண்ணைவிட்டு மெல்லக் கழன்று கீழே மிதந்து போகும். அவளும் தைத்துக்கொண்டே போவாள். கனவில் பயமே இருக்காது. விழித்த பிறகுதான் எல்லாப் பயமும் சேர்ந்து வரும்.

சரிவு மண்ணைப் பிடித்து நிறுத்த ஏதாவது நடலாம் என்று, நர்சரிக்காரரிடம் போய்ப் பூச்செடி கேட்டாள்.

"பூவா முக்கியம்? குழி தோண்டினா இருக்கிற மண்ணும் போயிடும்மா. படர்ற கொடியா, கணுவுக்குக் கணு வேர் விடறதா இருக்கணும். இப்ப அங்க என்ன முளைச்சிருக்கு?"

"ஒரு புல்லு இருக்காதுண்ணே. தினம் களை பிடுங்கிடுவேன். வீட்டுத் தரை மாதிரி வச்சிருக்கேன்." பெருமையாகத்தான் சொன்னாள்.

அவர் கைமண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டார். "பிடுங்கினதை எங்க போட்டீங்க?"

"கீழ எறிஞ்சிடுவேன்."

"ஒரு நடை போய்ப் பாருங்க."

சுற்றுவழியாக இறங்கிப் போனாள். இத்தனை வருஷத்தில் தன் வீட்டை அடியிலிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. மேலே சரிவு மொட்டையாக இருந்தது. கீழே, அவள் எறிந்த இடமெல்லாம், ஊதாப்பூ விட்டுக் கொடி மெத்தையாய்ப் படர்ந்திருந்தது. பிடித்து இழுத்தாள், அசையவில்லை. அதற்கடியில் மண் கெட்டியாக இருந்தது. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. வெட்டுத்துணிக் கூடையை எடுத்து வந்து கொடியை நறுக்கி நிரப்பினாள்.

"பிடுங்கிப் போட்டதையேவா நடப்போற?" என்றார் கணவர்.

"சிரிக்காதீங்க. கம்பியை எடுத்துட்டு வாங்க."

அவர் சரிவின் குறுக்கே சின்னச் சின்னதாகத் துளை போட, அவள் நூலோட்டம் போடுவதுபோல விட்டு விட்டு ஊன்றினாள். அறைச் சுவரில், விரிசல் இப்போது நின்ற இடத்தில், பென்சிலால் புதுக்கோடு விழுந்தது.

மூன்று வாரம் கழித்து வானம் இருட்டியது. சரிவில் குனிந்து தளிர்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வரிசைக்கு வெளியே ஒன்று தலைநீட்டியிருந்தது. யோசிப்பதற்குள் விரல்கள் அதைப் பிடுங்கிவிட்டன. நுனியில் வெள்ளை இழையாக வேர்.

அதை மறுபடி மண்ணில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினாள். புறங்கையில் முதல் துளி விழுந்தது. அடுத்தது விழுந்தது. அவள் விரலை எடுக்கவில்லை.