நாற்பத்தைந்தில் ஓட வேண்டியது

ரேடியோ செட்காரன் முகம்மது ஹுசைன் வேப்பமரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிவிட்டு இறங்கியதும், பிச்சம்மாள் முந்தானைக்குள் வைத்திருந்த இசைத்தட்டை அவனிடம் நீட்டினாள். உள்ளே இறந்துபோன சின்னண்ணன் சங்கரநயினாரைக் குளிப்பாட்டத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார்கள். தூக்குவதற்குள் இதைப் போட்டுவிட வேண்டும்.

சங்கரநயினார் கல்யாணம் கட்டாதவன். பம்பாயில் ஒரு பாரில் பாதி நேரம் கிதார் வாசித்தான், மீதி நேரம் பிராந்தியும் விஸ்கியும் கலந்து கொடுத்தான். மூத்தவர் சங்கரசுப்பிரமணியன் ஊரில் தம்பி ஓட்டல் மேனேஜர் என்று சொல்லிவைத்திருந்தார். கோயில் ஆபீசில் வேலை பார்க்கிறவர் வேறென்ன சொல்வார்? எண்பத்திரண்டாம் வருஷம் ஈரல் கெட்டு ஊர் திரும்பியவன் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இசைத்தட்டுகளோடு வந்தான். எல்லாம் வெள்ளைக்காரப் பாட்டு. அதிலும் வெள்ளைக்காரனே அதிகம் கேட்டிராத பாட்டு. கப்பலில் வந்தவர்கள் பாரில் விட்டுப்போனவை.

கேட்க ஆளில்லாததால் தங்கச்சிக்குப் போட்டுக்காட்டி அபிப்பிராயம் சொல்வான். ரேடியோவில் வருகிற இங்கிலீஷ் பாட்டெல்லாம் கேஸ் போன சோடா என்பான். ஒருத்தனுக்கு விரல் ஓடுகிறது, சொல்லத்தான் ஒன்றுமில்லை என்று தள்ளிவைப்பான். அவனுக்கு அளவுகோல் ஒன்றுதான்.

"குடிக்க வந்தவன் பாட்ட கேட்டுட்டு அடுத்த கிளாஸ் கேட்டான்னா அது பார் மொதலாளிக்கு உள்ள பாட்டு. கையில இருக்க கிளாஸ கீழ வச்சான்னா, அதான் பாட்டு."

அப்படித் தேறியது இந்தச் சின்னத் தட்டு. லண்டனில் ஏதோ நிலவறையில் நாலு பேர் பாடி வாசித்தது. நான் போகிற அன்றைக்கு இதைப் போடு, சோகப் பாட்டுப் போட்டால் எழுந்து வந்துவிடுவேன் என்றிருந்தான்.

பெரியண்ணன் காலையிலேயே மறித்துவிட்டார். "ஏட்டி, எழவு வீட்டுல கூத்தடிக்கச் சொல்லுதியா? நாளைக்கு நான் ஆபீசுல தல நிமிந்து உக்கார வேண்டாமா?"

ஹுசைன் தட்டைச் சுழலவிட்டான். குழாயில் கனத்த குரலொன்று இழுத்து இழுத்து முனகியது. மதினி நெல்லையம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு, வெள்ளைக்காரனும் நம்மைப்போலத்தான் ஒப்பாரி வைக்கிறான் என்றாள். பெரியண்ணன்கூடப் பக்கத்து வீட்டிலிருந்து வந்த காப்பி கிளாஸை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

பிச்சம்மாளுக்குத்தான் தப்பு புரிந்தது. முன்னால் வேறு வீட்டில் ஓட்டிய பெரிய தட்டின் வேகத்திலேயே, நிமிஷத்துக்கு முப்பத்துமூன்று சுற்றிலேயே, ஹுசைன் இதையும் விட்டிருந்தான். இது நாற்பத்தைந்தில் ஓட வேண்டியது. இப்படியே விட்டால் ஊரும் மெச்சும், அண்ணன் மானமும் தப்பும், கொடுத்த வாக்கைக் காப்பாற்றியதாகவும் ஆகும். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் வேகம் ஒரு நூல் பிசகினாலே சாப்பாட்டிலிருந்து எழுந்து ஓடிவருகிறவன் சின்னண்ணன். இன்றைக்கு அவனால் வர முடியாது. அதை நினைத்ததும் அவளுக்குத் தாங்கவில்லை.

கூட்டத்துக்கு நடுவே நடந்துபோனாள்.

"தம்பி, நாப்பத்தஞ்சுல வச்சு மொதல்ல இருந்து போடு."

"இதே நல்லாத்தான இருக்கு, யக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பாட்டு இது இல்ல."

ஹுசைன் முள்ளைத் தூக்கி மறுபடி வைத்தான். டிரம் தடதடவென்று இறங்கியது. அதன்மேல் கிதார் கத்திக்கொண்டு வந்தது. நெல்லையம்மாள் வாயில் கைவைத்தாள். பிச்சம்மாள் அழுதுகொண்டே பெரியண்ணனைப் பார்த்தாள். எழுந்து வந்து ஒயரைப் பிடுங்குவார் என்று செட்டுக்கு முன்னால் மறித்து நின்றாள்.

அவர் வரவில்லை. குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய்வரை கொண்டுபோன கிளாஸைக் குனிந்து தரையில் வைத்தார்.

பாட்டு முடிந்த பிறகும் அது அங்கேயேதான் இருந்தது, காப்பியில் ஆடை படிந்து.