கோணியில் பந்து விழும் சத்தம்

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை, பஸ்ஸில் கிடைத்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2009-ல் ஒரு நாள் கடலூரிலிருந்து சிதம்பரம் வந்துகொண்டிருந்தேன். ஆலப்பாக்கம் தாண்டித்தான் உட்கார இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு பெண். அவள் மடியில் பாதிப் பலாப்பழம் பெரிசுக்குத் தோலில் தைத்த ஒரு கையுறை. என்னம்மா இது என்றேன். பேஸ்பால் சார் என்றாள். நம்ம கடலூரிலா என்றேன். இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்தவள் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் விடுகிற ஆளா? டீம் எப்படி ஆடுது, ஜெயிக்குமா என்று நச்சரித்தேன். அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். எங்கள் டீமில் கடைசி ரவுண்டு பந்து போடும் பெண்ணைச் சிதம்பரம் டீமுக்குக் கொடுத்துவிட்டார்கள், பதிலுக்கு அங்கே நன்றாக அடிக்கிற ஒருத்தியை வாங்கிக்கொண்டார்கள் என்றாள். அப்ப கடைசி ரவுண்டு போச்சுன்னு சொல்லு என்றேன்.

"கடைசி ரவுண்டு போவல சார். நடுவுல இருந்த நாங்கதான் போயிட்டோம்."

பு.முட்லூரில் இறங்கிவிட்டாள். பேரைக்கூடக் கேட்கவில்லை, நான் ஒரு மக்கு. ஒருத்தி போனால் அவள் இடம்தானே காலியாக வேண்டும்? நடுவில் இருப்பவர்கள் எப்படிப் போவார்கள்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் ஆரம்பம்: "வங்கக் கடலின் உப்புக்காற்று செம்மண்டலத்து மைதானத்தைத் தழுவிச் சென்ற அந்த மாலை வேளையில்—"

சே. கடலூர் செம்மண்டலத்தில் என்னை எந்தக் காற்றும் தழுவியதில்லை. லாரிப் புகைதான் தழுவியிருக்கிறது.

இரண்டாவது ஆரம்பம்: "கோச் கலியமூர்த்தி ஒரு சுயநலக்காரர். தன் பெயருக்காக அந்தப் பெண்ணை—"

இதையும் பாதியில் விட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இதற்குள் என் மனைவி சிவகாமு காகிதத்தை எட்டிப் பார்த்துவிட்டாள். பேஸ்பால் எவனுக்குத் தெரியும், கிரிக்கெட்டுன்னு மாத்திட்டு வேலையப் பாருங்க என்றாள். நியாயமான யோசனைதான். ஆனால் கிரிக்கெட்டில் ஒரு பவுலரை நிறுத்திவிட்டு, வேண்டும்போது திரும்பக் கூப்பிடலாம். பேஸ்பாலில் பந்து போடுகிறவளை ஆட்டத்திலிருந்து எடுத்தால் எடுத்ததுதான், அன்றைக்குத் திரும்பி வர முடியாது. அதனால்தான் யார் எப்போது போடுவது என்பது அங்கே அவ்வளவு பெரிய விஷயம். இந்த விதி இல்லாவிட்டால் என் கதையே இல்லை. சிவகாமு, உனக்கு நன்றி, பேஸ்பால்தான்.

(விளையாட்டு தெரியாதவர்களுக்கு: ஒருத்தி எறிவாள், ஒருத்தி கட்டையால் அடிப்பாள், அடித்தவள் நான்கு மூலையையும் சுற்றி ஓடி வந்தால் ஒரு ரன். மூன்று பேர் அவுட்டானால் அடுத்த டீம் அடிக்க வரும். இரண்டு டீமும் அடித்து முடித்தால் ஒரு ரவுண்டு. இந்தக் கதையில் ஏழு ரவுண்டு. இவ்வளவு போதும், எனக்கும் இவ்வளவுதான் தெரியும்.)

3

செம்மண்டலம் டீமில் பந்து போட மூன்று பெண்கள். திருவதிகையிலிருந்து பஸ்ஸில் வரும் பொன்னி ஆட்டத்தை ஆரம்பிப்பாள். நடுவில் மலர்க்கொடி. கடைசி ரவுண்டு பெலிசியா.

பஸ்ஸில் பார்த்தவளுக்குத்தான் மலர்க்கொடி என்று பேர் வைத்திருக்கிறேன். பிளஸ் டூ மார்க்கை வைத்து அவளுக்கு எந்தக் காலேஜிலும் இடம் கிடைக்காது. மாநில அணிக்கு எடுத்துவிட்டால் விளையாட்டுக் கோட்டாவில் சீட் உண்டு. ஆனால் நடுவில் போடுகிறவளை யார் பார்க்கிறார்கள்? ஆள் எடுக்க வருகிறவர்கள் ஆரம்பத்தைப் பார்ப்பார்கள், டீ குடிக்கப் போவார்கள், முடிவைப் பார்க்க வருவார்கள். அதனால் பெலிசியா போகிறாள் என்று கேட்டதும் மலர்க்கொடி உள்ளுக்குள் குஷியாகிவிட்டாள். இனிமேல் கடைசி ரவுண்டு அவளுக்குத்தானே.

இப்போது கலியமூர்த்தி. இவரை நான் வில்லனாக்கப் பார்த்தேன், ஆள் ஒத்துழைக்கவில்லை. அவர் டீம் ரன்னே எடுப்பதில்லை. கடைசி ரவுண்டில் காப்பாற்ற ஆள் இருந்து என்ன பிரயோஜனம், காப்பாற்ற ஏதாவது இருக்க வேண்டாமா? சிதம்பரம் டீமில் கார்த்யாயினி அடித்து நொறுக்குகிறாள், அவளைக் கேட்டார். அந்தக் கோச் பெலிசியாவைக் கேட்டார். மாற்றிக்கொண்டார்கள். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், நீங்களும் செய்திருப்பீர்கள்.

கார்த்யாயினி வந்தாள், அடித்தாள், ரன் வந்தது. டீம் முன்னைவிட ஜாஸ்தியாகத் தோற்றது.

4

இங்கே பத்து நாள் மாட்டிக்கொண்டு நின்றேன். ரன் வந்தும் ஏன் தோற்றார்கள்? மலர்க்கொடிக்குத் தைரியம் இல்லை என்று எழுதினேன். அது பொய்யாக இருந்தது. பொன்னிக்கும் கை வரவில்லையே, அதற்கு என்ன சொல்வது? பொன்னி முன்பு நாலு ரவுண்டும் உயிரைக் கொடுத்துப் போடுவாள். இப்போது மலர்க்கொடியைக் கடைசிக்கு வைக்க வேண்டும் என்பதால் இவளைக் கூடுதலாக ஒரு ரவுண்டு போட வைத்தார்கள், இவள் முதல் பந்திலிருந்தே கையை மிச்சம் பிடித்தாள். மலர்க்கொடியோ கடைசி ரவுண்டை நினைத்துக்கொண்டே நடு ரவுண்டைப் போட்டாள். ஆளாளுக்கு இல்லாத ஒன்றுக்காகச் சேமித்துக்கொண்டிருந்தார்கள்.

இது பாதி பதில்தான். மீதிப் பதில் ஒரு கோணி.*

* செம்மண்டலத்து மைதானத்தின் ஓரம் பூட்டிக் கிடக்கும் மோட்டார் ரூம். அதன் சுவரில் பெலிசியா ஒரு கோணியில் மணலை நிரப்பித் தொங்கவிட்டிருந்தாள். ஐந்தாவது ரவுண்டு வந்ததும் அதன் முன்னால் நின்று எறிய ஆரம்பிப்பாள். தொப். கொஞ்சம் விட்டு, தொப். (இந்தக் கோணி என் கற்பனை. பஸ்ஸில் வந்த பெண் சொன்னதில்லை.)

அந்தச் சத்தம் மலர்க்கொடியின் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருக்கும். நான் சொதப்பினாலும் அவ இருக்கா என்று மனசு சொல்லும், கை தானாக வீசும். எதிரே கட்டையோடு நிற்பவளுக்கும் அது கேட்கும். ஐயோ அவ வரதுக்குள்ள அடிச்சிடணும் என்று கண்ட பந்துக்கும் வீசி அவுட்டாவாள். ஒரு பந்துகூட ஆட்டத்துக்குள் போடாமலே பெலிசியா இரண்டு ரவுண்டு ஜெயித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பெலிசியாவுக்கும் தெரியாது, கலியமூர்த்திக்கும் தெரியாது. அவள் போன பிறகு கோணி சும்மா தொங்கியது.

5

இனி அந்த மேட்ச். சிதம்பரத்தில், கனகசபை நகர்ப் பக்கம் ஒரு மைதானம். கடலூர் டீம் வந்திருக்கிறது. மாநில அணிக்கு ஆள் எடுப்பவர்கள் குடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு ரவுண்டிலும் கடலூர் முதலில் அடிக்கும், சிதம்பரம் பிறகு.

ஆறாவது ரவுண்டு. கார்த்யாயினி புண்ணியத்தில் கடலூர் ஒரு ரன் முன்னால் இருக்கிறது. சிதம்பரம் அடிக்க, மலர்க்கொடி எறிகிறாள். முதல் இரண்டு பந்தும் எங்கோ போகின்றன. கலியமூர்த்தி தொப்பியைக் கழற்றி வைக்கிறார்.

தொப்.

மலர்க்கொடி திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதில்லை, அது யார் என்று தெரியும். ஏழாவது ரவுண்டில் சிதம்பரத்துக்காகப் போட பெலிசியா தயாராகிறாள். இங்கேயும் ஒரு கோணி கட்டியிருக்கிறாள். மூளைக்கு அது எதிரி என்று தெரிகிறது. கைக்குத் தெரியவில்லை. கை பழைய கையாகிவிட்டது. மூன்று பேரையும் வரிசையாக அவுட்டாக்கினாள். குடைக்குக் கீழே இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஏழாவது ரவுண்டில் பெலிசியா கடலூரைச் சுருட்டிவிட்டாள், ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. இடைவேளையில் தண்ணீர் டிரம் பக்கம் இரண்டு பேரும் ஒன்றாகப் போனார்கள். (இந்த இடத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக் கிழித்தேன். ஒருத்தியை ஒருத்தி கட்டிப்பிடித்து அழவைத்தேன், சிவகாமு சிரித்துவிட்டாள்.) மலர்க்கொடி முதலில் தண்ணீர் குடித்தாள். பிறகு பெலிசியாவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"நீ அங்க போட்டாதான்டி எனக்கு இங்க வருது. நான் போடும்போது நீயும் போடேன்."

பெலிசியா டிரம்மை மூடினாள்.

"எனக்குப் பின்னாடி யாருடி போட்டா?"

கோபமாகச் சொன்னாளா, வருத்தமாகச் சொன்னாளா, எனக்குத் தெரியவில்லை. சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டிருக்கலாம். இத்தனை நாள் இது தனக்குத் தோன்றவே இல்லையே என்று மலர்க்கொடிக்கு வெட்கமாகப் போய்விட்டது. கடைசியாகப் போடுகிறவளுக்குப் பின்னால் எந்தக் கோணியும் அடிபடாது. பெலிசியா எப்போதும் அந்த அமைதியில்தான் போட்டிருக்கிறாள்.

6

ஏழாவது ரவுண்டின் பாக்கிப் பாதி, சிதம்பரம் அடிக்க மலர்க்கொடி எறிகிறாள். இரண்டு பேர் அவுட். மூன்றாவது மூலையில் ஒருத்தி ஓடத் தயாராக நிற்கிறாள். இன்னும் ஒரு அவுட் கிடைத்தால் கடலூருக்கு ஜெயம், மலர்க்கொடிக்குக் காலேஜ். அடி விழுந்தால் சமம், ஆட்டம் நீளும், பெலிசியா திரும்பவும் போட வேண்டியிருக்கும். ஆகவே அவள் கோணிக்கு முன்னால் நிற்பதை யாரும் தப்பாக நினைக்க முடியாது. பந்து அவள் கையில் இருக்கிறது, இன்னும் எறியவில்லை.

ஒரு முடிவு: பெலிசியா எறிகிறாள், தொப், மலர்க்கொடி ஜெயிக்கிறாள். சிவகாமுவுக்கு இதுதான் பிடித்திருந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது. மாநில அணிக்கு யார் கோணி தூக்கிக்கொண்டு போவது?

இன்னொன்று: பெலிசியா எறியவில்லை, மலர்க்கொடி தோற்கிறாள். எழுதிப் பார்த்தேன், அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாவது: எறியவில்லை, ஆனாலும் மலர்க்கொடி ஜெயிக்கிறாள், ஏனென்றால் தன்னம்பிக்கை என்பது— நிறுத்து. ஆண்டு விழா மேடையில் பேசுகிற மாதிரி இருக்கிறது.

அப்போதுதான் உறைத்தது. கோணியும் கிடையாது, பெலிசியாவும் கிடையாது. தொப் என்று எழுதினது நான். வாசித்தபோது அந்தச் சத்தம் கேட்டது உங்களுக்குள்ளே. மலர்க்கொடிக்குப் பின்னால் இவ்வளவு நேரமும் நாம்தான் நின்றுகொண்டிருக்கிறோம்.

நான் இதற்கு மேல் எழுதப்போவதில்லை. உங்கள் பக்கத்தில் ஒரு மேஜையோ சுவரோ இருக்கும். ஒரு தட்டு தட்டுங்கள், அவளுக்குக் கேட்கும். தட்டாவிட்டால், பெலிசியா இத்தனை நாள் போட்ட மாதிரி, பின்னால் யாரும் இல்லாமல் அவள் போடுவாள். எது அவளுக்கு நல்லது என்று எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை.

யோசிக்க நேரமில்லை. மலர்க்கொடி கையைத் தூக்கிவிட்டாள்.